ஆறாம் நம்பர் கிரேன்

கன்ட்ரி என்றால் எங்கள் பக்கம் அது வசவு.
செருப்பைக் கழற்றுவதற்கு முந்தின சொல்.
நீ அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு திரிந்தாய்.
கன்ட்ரி கஸ்பார்.
ஜீரோ கேட் காவலாளிக்கும் வேறு பெயர் தெரியாது.
நேற்று காசிமேட்டுக் கல்லறையில்
ஃபாதர் வாசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது:
கஸ்பார் மரியநாயகம் பர்னாந்து.
யாரோ ஆபீசரைப் புதைக்கிறார்கள் என்று
ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

மேலே நீ. கீழே நான்.
இருபத்திரண்டு வருஷம்.
நடுவில் ஒரு கொக்கி,
கொக்கியில் அடுத்தவன் சரக்கு.
கோதுமை, உர மூட்டை, இரும்புச் சுருள்,
ஒரே ஒருமுறை, யார் வீட்டுக்கோ, வெள்ளைப் பியானோ.
அதை மட்டும்
தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து இறக்குவது மாதிரி
தரையில் வைத்தாய்.

ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய்க்கு
கப்பல் சமையல்காரன் கொடுத்த கேசட்டில்
எல்லாம் ஆரம்பித்தது.
உறையில் தொப்பி, குதிரை, முகம் அழிந்த ஒருத்தன்.
நீ பார்த்த குதிரையெல்லாம்
மெரினாவில் ரவுண்டுக்கு ஐந்து ரூபாய்க் குதிரை.
"அது போதும்டா" என்றாய்.

இன்னாதான் சொல்றான் அவன், என்று கேட்டேன்.
"பொண்டாட்டி பூட்டா. ரயிலு பூட்ச்சி. வேலையும் பூட்ச்சி.
இவன் மட்டும் போவல. அதான் பாடறான்."
பத்தாவது பெயிலான இங்கிலீஷில் நீ கண்டது அவ்வளவு.
அதற்கு மேல் அதில் ஏதாவது இருந்ததா,
எனக்கு இன்னும் தெரியாது.
பாட்டு முழுக்கச் சாராயம்.
நீயோ டீயைக்கூட அரை கிளாஸில் நிறுத்துகிறவன்.

நைட் ஷிஃப்டில் வாக்கிடாக்கி பட்டனை
அழுத்தியபடியே மறந்துவிடுவாய்.
அல்லது மறக்க மாட்டாய்.
உன் குரல் ஏறும், உச்சியில் சட்டென்று முறியும்,
முறிந்த இடத்திலிருந்தே இன்னொரு குரல் கிளம்பும்.
ஒயர் அறுந்ததோ என்று முதல்முறை நான் ஓடிப்போய் ஒதுங்கினேன்.
"அலுவல் கருவியில் இசை" என்று மெமோ வந்தது.
அதை லேமினேட் செய்து கேபினில் மாட்டினாய்.

முந்தாநாள் ராத்திரி, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
எமில்டா கேசட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"தலவலிதான் அண்ணே. ஆனா தூங்கறதுக்கு முன்னாடி
அது இல்லன்னாலும் தலவலிதான்."
ஒன்றில் பச்சை மையில், உன் கையெழுத்தில்: ஆறாம் நம்பர்.
போட்டாள்.
காற்று. விஞ்ச் உறுமல்.
தேய்ந்த பேரிங் வளையத்தை விரலில் மாட்டி
நீ இழுக்கும் கிட்டார், கேபினுக்குள்ளேயே, பாவி.
பிறகு நீ.
நீ முறிகிற இடத்தில்
கரகரவென்று வேறொரு குரல்:
"இறக்கு... இறக்கு... மெல்ல... லெஃப்ட்ல கொஞ்சம்... ஆங், போதும்."
எமில்டா கேட்டாள்: "இவரு யாரு பாடறது?"
நான் தண்ணி குடிக்க எழுந்து போனேன்.

ராயபுரம் பேண்டு செட்டுக்காரன்
"அவருக்குப் புடிச்ச பாட்டு ஏதாவது? மெட்டு மட்டும் சொல்லுங்க,
வாசிச்சிடலாம்" என்றான்.
நல்ல மனுஷன்.
எனக்கு ஒரு வரி வரவில்லை.
இருபத்திரண்டு வருஷம் கேட்டு, ஒரு வரி.
வழக்கமானதையே வாசித்துக்கொண்டு போனார்கள்.

குழியில் இறக்கும்போது
கயிறு பிடித்த பையன்களுக்குப் பழக்கமில்லை.
தலைப்பக்கம் முந்தியது. பெட்டி சாய்ந்தது.
என் கை தானாக எழுந்தது.
சுட்டுவிரல் கீழே பார்த்து, சின்ன வட்டம், சின்ன வட்டம்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
எப்படியோ போய்ச் சேர்ந்தது.
'போதும்' என்பதற்கு முஷ்டி மடக்க வேண்டும்.
மடக்காமல் நின்றிருந்தேன்,
பக்கத்திலிருந்தவர் தோளைத் தொடும்வரை.

கேசட் என் சட்டைப்பையில் இருக்கிறது.
வீட்டில் அதைப் போட ஒன்றுமில்லை.
இன்று ரிச்சி தெருவில் நாலு கடை ஏறினேன்.
கடைசிக் கடைக்காரன் சிரித்தான்:
"இந்தக் காலத்துல டேப் ரெக்கார்டரா? யாருக்கு சார்?"
ஒரு கன்ட்ரிக்கு, என்றேன்.
திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.